உள்பக்கம் திருப்பிப் பார்: தையல் மிஷின் வரையும் கோடு பற்றிச் சில குறிப்புகள்

சேலையூரில் என் சித்தி வீட்டில் இரண்டு துணிப்படங்கள் இருக்கின்றன. ஒன்று மயில். கூடத்துச் சுவரில், கண்ணாடி போட்ட ஃபிரேமுக்குள், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறது. இன்னொன்று தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலம், சாயங்கால நேரம், இறங்கி வரும் ஜனக்கூட்டம். அது பீரோவில் பழைய புடவைகளுக்கு அடியில் நாலாக மடித்துக் கிடந்தது. போன மாதம் வேறு எதையோ தேடும்போது கையில் அகப்பட்டது. இரண்டையும் சித்திதான் செய்தார். இரண்டும் ஒரே மிஷினில், பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவில் பொறுக்கி எடுத்த கறுப்பு உஷாவில் தைத்தவை.

மயிலைப் பார்க்கிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். "கையாலயா, மிஷினா?" "எத்தனை நாள் ஆச்சு?" "அச்சு அசல் நிஜ மயில் மாதிரியே இருக்கே, எப்படி?" சித்தி மூன்றுக்கும் சந்தோஷமாகப் பதில் சொல்வார். ஸ்டேஷன் படத்தை எடுத்து நீட்டி, "இது என்ன சித்தி?" என்று நான் கேட்டபோது, "அதுவா, வேஸ்ட்டுத் துணில கிறுக்கினதுடா, தூக்கிப் போடணும்" என்றார்.

என் பார்வையில் ஸ்டேஷன்தான் நல்ல படம். மயில் சுமார். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை எனக்கே தெளிவாக்கிக் கொள்ளத்தான் இந்தக் குறிப்பு. சித்தி மேல் உள்ள பாசத்தில் சொல்லவில்லை என்பதற்கு, மயிலைச் சுமார் என்று எழுதிவிட்டேன் என்பதே சாட்சி. இதை அவர் படித்தால் ஒரு வாரம் காபி கிடைக்காது.

மிஷின் எப்படி வரைகிறது

பேனாவில் வரையும்போது காகிதம் சும்மா இருக்கிறது, கை நகர்கிறது. மிஷினில் இது தலைகீழ். ஊசி ஒரே இடத்தில் மேலும் கீழும் போய்வருகிறது. நகர வேண்டியது துணி. பேனாவைக் கட்டிப்போட்டுவிட்டுக் காகிதத்தை நகர்த்தி உங்கள் கையெழுத்தைப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழே இருக்கும் பற்கள் துணியை ஒரே அளவாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். அதனால்தான் சட்டைத் தையல் ஒரே சீராக விழுகிறது. படம் போட வேண்டுமானால் அந்தப் பற்களை இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் மேலே தகடு போட்டு மூடிவிட வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தையும் கழற்றிவிட வேண்டும். துணியை வட்ட ஃபிரேமில் இறுக்கி, கை எம்பிராய்டரிக்கு மாட்டுவதற்கு நேர்மாறாக, துணி மிஷின் மேடையோடு படியும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். பாதம் இல்லாவிட்டாலும் அதைத் தூக்கி இறக்கும் பிடியை இறக்கித்தான் ஆக வேண்டும். மறந்தால் மேல்நூலுக்கு இறுக்கம் கிடைக்காது, அடியில் நூல் கொசகொசவென்று சிக்கிக்கொள்ளும். இதெல்லாம் தையல் வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தருகிற விஷயம். ஆனால் ஒரு படத்தைப் பார்க்கும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

பற்கள் இறங்கிவிட்டால் தையலின் நீளத்தைத் தீர்மானிக்க மிஷினில் எதுவும் கிடையாது. கால் பெடலை மிதிக்கும் வேகத்துக்கும், கை துணியை நகர்த்தும் வேகத்துக்கும் உள்ள பொருத்தம்தான் அதைத் தீர்மானிக்கிறது. கை வேகமாகப் போனால் தையல் நீளமாக விழும். கை தயங்கினால் சின்னச் சின்னதாக நெருங்கி விழும். எங்கே தைரியமாகப் போனார், எங்கே யோசித்தார், எங்கே பயந்தார் என்பதெல்லாம் அந்தப் புள்ளிகளின் இடைவெளியில் பதிவாகிவிடுகிறது. பேனாக்கோட்டில் மையின் கனம் செய்கிற வேலையை இங்கே தையலின் நீளம் செய்கிறது.

பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைப்பது சுலபம். மிஷினில் நூல் அறுபடாமல் ஊசியை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் நடுவில் ஒரு நூல் தொங்கும். அதை வெட்டலாம், விடலாம். வெட்டினால் முடிச்சுப் போட வேண்டும். அதனால் மிஷினில் வரைகிறவர் ஒவ்வொரு கோட்டையும் எங்கே முடிப்பது, அடுத்ததற்கு எந்த வழியாகப் போவது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. மேல்நூல், பாபினிலிருந்து வரும் கீழ்நூல் இரண்டும் துணிக்கு நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதுதான் மிஷின் தையல். ஆகவே முன்பக்கம் ஒரு படம் விழும்போதே பின்பக்கமும் ஒரு படம் விழுகிறது. அது வேறு நூல், வேறு நிறமாகவும் இருக்கலாம். இரண்டு பக்கம் உள்ள கோட்டை வேறு எந்தக் கருவியும் இவ்வளவு இயல்பாகத் தருவதில்லை.

எத்தனை மீட்டர் நூல்?

இந்தியாவில் மிஷின் எம்பிராய்டரியை ஓவியமாகச் செய்கிறவர்களில் அதிகம் செய்தியில் வருபவர் பாட்டியாலாவைச் சேர்ந்த அருண் குமார் பஜாஜ். 'நீடில் மேன்' என்று பட்டப்பெயரே உண்டு. குருமார்கள், மகாராஜாக்கள், கடவுளர்கள் என்று பெரிய அளவில், எண்ணெய் ஓவியத்தின் ஒளியும் நிழலுமாக நூலிலேயே கொண்டுவருகிறார். தந்தையின் எம்பிராய்டரிக் கடைத் தொழிலிலிருந்து வளர்ந்து வந்தவர். அவருடைய திறமையில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. நிறத்துக்கு நிறம் நூல் மாற்றி, கன்னத்தின் வளைவில் ஒளி கூடுவதை அப்படிக் கொண்டுவருவதற்கு எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும் என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அவரைப் பற்றி வரும் செய்திகளைப் படித்துப் பாருங்கள். எத்தனை வருஷம் ஆனது, எத்தனை லட்சம் மீட்டர் நூல் செலவானது, பார்த்தால் பெயின்டிங் என்றே தோன்றும். இந்த மூன்றைத் தாண்டி ஒரு வாக்கியம் கிடைப்பது அபூர்வம். சேலையூர் கூடத்தில் கேட்கும் அதே மூன்று கேள்விகள், பெரிய எழுத்தில்.

ஊட்டியில் படகு இல்லத்துக்கு எதிரே உள்ள நூல் பூங்காவுக்குப் போனவர்களுக்கும் இது ஞாபகம் வரும். 50 பெண்கள் 12 வருஷம் உழைத்து, ஊசியும் மிஷினும் இல்லாமல், கையாலேயே நூல் சுற்றிச் செய்த பூக்கள், செடிகள் என்று சொல்வார்கள். கிட்டே போய்ப் பார்த்துவிட்டு "நிஜப் பூ மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வருவோம். வெளியே நீலகிரி முழுக்க நிஜப் பூ.

நூல் பூவாக மாறி, தான் நூல் என்பதை மறைத்துக்கொண்டால் நாம் பாராட்டுகிறோம். அப்படியானால் நூலுக்கென்று சொல்ல எதுவும் இல்லை என்றுதானே அர்த்தம்? ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களைப் பார்த்துவிட்டு "எத்தனை பாட்டில் மை செலவாச்சு?" என்று யாராவது கேட்டிருப்பார்களா? அங்கே கோட்டைப் பார்த்தோம். எங்கே அழுந்துகிறது, எங்கே பறக்கிறது என்று பார்த்தோம். அதே மரியாதையைத் தைத்த கோட்டுக்கும் கொடுத்தால் என்ன?

இங்கே நான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மணிக்கணக்கு பார்ப்பது அற்பம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சித்தி சில வருஷம் தாம்பரம் சானடோரியம் மெப்ஸில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தார். நாள் முழுக்க காலர் மட்டும். சட்டை முழுசாக எப்படி வரும் என்றுகூடப் பார்க்க நேரமில்லை, மணிக்கு இத்தனை என்று எண்ணிக்கை எழுதி வைப்பார்கள். அப்புறம் வீட்டிலேயே பிளவுஸ், ஃபால்ஸ், ஆரி ஒர்க். "ஒரு நாள் வேலைக்கு இவ்வளவுதானா?" என்று கேட்கப் பழகவே அவருக்குப் பாதி வாழ்க்கை போயிற்று. உழைத்த நேரத்தை எண்ணித்தான் ஆக வேண்டும். அது விலை பேசுவதற்கான கணக்கு. படம் நன்றாக இருக்கிறதா என்பதற்கு வேறு கணக்கு வேண்டும். முதல் கணக்கில் ஏமாற்றப்பட்டவர்கள் எல்லாவற்றையும் அதிலேயே வைத்துப் பேசுவது புரிகிறது. பார்க்கிற நாமும் அங்கேயே நின்றுவிட்டால்தான் தப்பு.

டிராயிங் மாஸ்டரும் தையல் டீச்சரும்

நம் ஊர்ப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இந்த இரண்டு பேரையும் தெரியும். அரசு கணக்கில் இருவருமே சிறப்பாசிரியர்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்விலும் ஓவியத்துக்கு ஒரு பாடம், தையலுக்கு ஒரு பாடம், இரண்டிலும் லோயர், ஹையர். பக்கத்துப் பக்கத்து அறை, ஆனால் நடுவில் கதவு கிடையாது. டிராயிங் மாஸ்டர் ஊசி எடுத்ததில்லை. தையல் டீச்சர் படம் வரைந்தால் அதற்குப் பெயர் 'டிசைன்'. எழும்பூர் பக்கம் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி 1850ல் அலெக்ஸாண்டர் ஹன்டர் தொடங்கியது. அங்கேயும் ஓவியம் ஓவியமாக இருக்கிறது, துணி தொழில் வடிவமைப்பின் கீழ் வருகிறது. ஐரோப்பாவில் இந்தப் பிரிவினை எப்படி வந்தது, எம்பிராய்டரி எப்படிப் 'பெண்கள் வேலை' ஆகிக் கலையிலிருந்து தள்ளி வைக்கப்பட்டது என்று ரோசிகா பார்க்கர் 1984லேயே ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டார். நம் பக்கத்துக் கதையை இன்னும் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

தமிழ்நாட்டில் தையல் மிஷினுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் இருக்கிறது. விதவைகள், கைவிடப்பட்ட பெண்கள், ஏழைப் பெண்கள் சொந்தக் காலில் நிற்க. 1924ல் ஜி. ராமச்சந்திரன் (பிற்பாடு காந்திகிராமம் கண்டவர்) மிஷின்கள் எல்லாமே கூடாதா என்று கேட்டபோது, காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மிஷினைத்தான். மனைவி கையால் தைத்துத் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்துச் செய்த கருவி என்று அதன் பிறப்பில் அவருக்கு ஓர் அன்பு தெரிந்தது. ஆக, இது கஷ்டத்தைக் குறைக்கிற மிஷின், சோறு போடுகிற மிஷின். இரண்டும் உண்மை. இதில் உட்கார்ந்து ஒருத்தி கூட்டத்தை வேடிக்கை பார்த்துக் கிறுக்கினால் அதற்குப் பெயர் 'வேஸ்ட்டு' என்றுதான் அவளுக்கே தோன்றும். சிங்கர் கம்பெனியின் லண்டன் எம்பிராய்டரிப் பிரிவில் இருந்த டோரத்தி பென்சன், வீட்டுத் தையல் மிஷினின் கலைச் சாத்தியங்களைப் பற்றி 1946லேயே புத்தகம் போட்டார். மிஷின் இங்கேயும் வந்தது. அந்த யோசனை மட்டும் வந்து சேரவில்லை.

சேலையூரிலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம். 1966ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவானது. கோட்டுக்குப் பேர் போன இடம் அது. மெட்ராஸ் பாணி என்றாலே கோடு என்பார்கள். ஆனால் அந்தக் கிராமத்தின் ஆரம்பகால அடுப்பு எரிந்தது கைவினைப் பொருள்களால், முக்கியமாக பாத்திக் துணிகளால். துணி சோறு போட்டது, கேன்வாஸ் பேர் வாங்கிக் கொடுத்தது. கேன்வாஸும் துணிதான் என்பதை அங்கே யாரும் கவனித்தார்களோ என்னவோ.

அங்கிருந்து வந்தவர்களில் எஸ்.ஜி. வாசுதேவ் பிற்காலத்தில் சுப்பராயலு என்ற நெசவாளருடன் சேர்ந்து தன் ஓவியங்களைப் பட்டில் நெய்த சித்திரங்களாக மாற்றினார். நெசவாளர் பெயரையும் சேர்த்தே சொல்வார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆனாலும் அங்கே ஓவியம் முதலில் வருகிறது, நூல் அதைப் பின்தொடர்கிறது. நான் தேடுவது நூலிலேயே பிறந்த கோட்டை.

பின்பக்கத்திலிருந்து வரைகிறவர்

அதற்கு என்னிடம் உள்ள நல்ல உதாரணம் தூரத்தில் இருக்கிறது. பிரிட்டனின் ஆலிஸ் கெட்டில் பெரிய பெரிய துணிகளில் மிஷினால் வரைகிறவர். 2018ல் மான்செஸ்டர் விட்வர்த் கேலரியில் வைத்த அவருடைய காட்சியில் கடல், நிலம், வானம் என்று மூன்று பெரிய துணிகள். அகதிகளாக வந்தவர்களின் பங்களிப்போடு செய்தவை. நான் நேரில் பார்த்ததில்லை, படங்களில் மட்டும்தான்.

அவர் வேலை செய்யும் முறைதான் என்னை நிறுத்தியது. ஊசிக் காதில் நுழையாத தடிமனான நூல்களை பாபினில் சுற்றிக்கொள்கிறார். அந்த நூல் அடியில்தான் விழும். ஆகவே துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே தைக்கிறார். நாம் பார்க்கப்போகும் முகம் தைக்கும்போது அவர் கண்ணுக்குத் தெரியாது. திருப்பினால்தான் தெரியும். கோடு அவர் நினைத்த மாதிரி வராமல் போக இடம் இருக்கிறது, அந்த இடம்தான் படத்துக்கு உயிர். துணி சுருங்குகிறது, இழுபடுகிறது. அதையும் அவர் மறைப்பதில்லை. கடலைக் கடந்து வந்தவர்களைச் சொல்ல, தட்டையாக இஸ்திரி போட்ட துணி எப்படிச் சரியாகும்?

இங்கே ஒரு தையல்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். "தையல் நல்லதா இல்லையான்னு தெரியணுமா, உள்பக்கம் திருப்பிப் பாரு" என்பது நம் தையல்காரர்களின் பழைய பேச்சு. துணி வாங்கும்போது அம்மாக்கள் ஜாக்கெட்டை உள்ளே திருப்பிப் பார்ப்பதும் அதனால்தான். கலை விமரிசனத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு திருத்தம். துணி தைக்கும்போது உள்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். படத்தில் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை, முன்பக்கம் மறைத்ததை அது சொல்ல வேண்டும்.

இனி மயிலும் ஸ்டேஷனும்

மயில், கடையில் விற்கும் டிரேசிங் பேப்பரில் வந்தது. கோடு ஏற்கெனவே போட்டாயிற்று, சித்தியின் கை அதன் மேல் நடந்திருக்கிறது. தோகைக் கண்கள் ஒவ்வொன்றும் ஒரே அளவு. தையல் நீளம் முதலிலிருந்து கடைசி வரை மாறவே இல்லை. அந்தச் சீர்மைக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே சீர்மையை இன்று தாம்பரத்தில் யூனிஃபார்முக்கு ஸ்கூல் பேட்ஜ் போடுகிற கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் சில நிமிஷத்தில் தருகிறது. சித்தி மிஷினாக மாறுவதற்குப் பட்ட பாடு அந்த மயில். கழுத்தில் ஒரே ஒரு இடத்தில், நீலம் பச்சையாகிற வளைவில், டிரேசிங் கோட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே போயிருக்கிறார். அந்த இரண்டு அங்குலம் மட்டும் மயில் திரும்பிப் பார்க்கிறது.

ஸ்டேஷன் படம் காடாத் துணியில், ஒரே கறுப்பு நூல். டிரேசிங் இல்லை. மேம்பாலத்தின் கம்பிகளை நீள நீளத் தையலில், சர்ரென்று இழுத்திருக்கிறார். கை நிற்கவே இல்லை. ஜனங்களிடம் வந்ததும் தையல் சின்னதாகிறது. ஒரு தலை, தோள், பை, அடுத்த தலை. எந்த இடத்திலும் நூல் அறுக்கப்படவில்லை. ஒருத்தர் தோளிலிருந்து கிளம்பிய நூல் அடுத்தவர் டிபன் பையாகிறது, அங்கிருந்து ஒரு பெண்ணின் பின்னலாகிறது. ஐம்பது பேர் இருப்பார்கள், ஒரே கோடு. யாருக்கும் முகம் இல்லை. மெப்ஸ் ஷிப்ட் விட்டு அந்தப் படியில் இறங்கிய எவருக்கும் இது தெரியும். அங்கே நாம் தனி ஆளாக நடப்பதில்லை, கூட்டம் நம்மை இறக்கி விடுகிறது.

பிரிட்டனில் ரோசி ஜேம்ஸ் என்பவர் இதேபோல ஜனக்கூட்டத்தை மிஷினால் வரைந்து, நூல் முனைகளைத் தொங்கவிடுகிறார். சித்திக்கு அந்தப் பெயர் தெரியாது. நூலை அறுக்காததற்கு அவர் சொன்ன காரணம், "ஒவ்வொரு தடவையும் முடிச்சுப் போட யாருக்குடா பொறுமை?"

குறையும் உண்டு. வலது ஓரத்தில் ரயிலைப் போட்டிருக்கிறார். அதன் ஜன்னல்கள் ஸ்கேல் வைத்த மாதிரி. அந்த இடத்தில் மயில் போட்ட கை திரும்பி வந்துவிட்டது. கூட்டத்தை நம்பி ரயிலை விட்டிருந்தால் படம் இன்னும் பலமாக இருந்திருக்கும். கீழே இடது மூலையில் நூல் இறுக்கம் அதிகமாகித் துணி சுருங்கியிருக்கிறது. அதைச் சித்தி பெரிய தப்பு என்கிறார். எனக்கு அங்கே படிக்கட்டில் நெரிசல் கூடுவதாகத் தெரிகிறது. இதில் அவர் சொல்வது சரியா, நான் சொல்வது சரியா என்று எனக்கு முழுத் தீர்மானம் இல்லை.

பிறகு திருப்பிப் பார்த்தேன். பாபினில் அன்றைக்கு மீதியிருந்த நூல்களைப் போட்டிருக்கிறார். கொஞ்சம் சிவப்பு, தீர்ந்ததும் மஞ்சள், அப்புறம் ஒரு வெளிறிய ரோஸ், யாருடைய பிளவுஸுக்கோ வாங்கியதாக இருக்கும். முன்பக்கம் கறுப்பு ஜனங்கள், பின்பக்கம் அதே ஜனங்கள் எதிர்த்திசையில், கலர் கலராக, காலையில் வேலைக்குப் போகிற மாதிரி. "இது வேணும்னு செஞ்சீங்களா சித்தி?" என்றேன். "கறுப்பு பாபின் தீர்ந்துபோச்சுடா. உள்பக்கம்தானே, யார் பாக்கப் போறா" என்றார்.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு ஃபிரேம் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் வழக்கம்போலப் பின்னால் அட்டை வைத்து ஆணி அடிக்கத் தயாரானார். இரண்டு பக்கமும் கண்ணாடி வேண்டும் என்றதும் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எது சார் முன்பக்கம்?" என்று கேட்டார். சித்தியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். சித்தி இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் நேற்று போனபோது மிஷினில் காடாத் துணி மாட்டியிருந்தது, பாபினில் பச்சை நூல்.